உதவி வேறு, ஈடு வேறு: தொழுநோய் இல்லங்களில் வாழ்ந்தவர்களுக்கு அரசு பட்டிருக்கும் கடன்



பண்டிதர் அயோத்திதாசரை இதழாசிரியர் என்றும் பௌத்தர் என்றும் ஆய்வாளர் என்றும் நினைவுகூர்கிறோம். தொழிலால் அவர் சித்த மருத்துவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அந்த மருத்துவரை நினைத்துக்கொண்டு, நோயும் தீண்டாமையும் ஒரே கயிற்றால் கட்டப்பட்ட ஓர் இடத்தைப் பற்றி இந்த உரையில் பேச முடிவு செய்தோம். அந்த இடம் தொழுநோய் இல்லம்.

நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. கணியம்பாடியில் பேருந்து ஏறி வேலூர் போனால் முதலில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரும். அதைத் தாண்டினால் பாகாயத்தில் சி.எம்.சி. கல்லூரி வளாகம். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1940களின் இறுதியில் வேலூரில்தான் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாதவர்கள் தங்கித் தொழில் கற்க 1951இல் அந்த வளாகத்திலேயே நவஜீவ நிலையம் உருவானது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பாலாற்றுக்கு அப்பால் காட்பாடிப் பக்கம் 1955இல் கரிகிரி மருத்துவமனை எழுந்தது. தொழுநோய் மருத்துவம் உலகம் முழுவதும் மாறியதில் நம் வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் பெருமை நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவர்களின் வாழ்க்கை வரலாறுகள் அச்சில் இருக்கின்றன. இல்லங்களுக்குள் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அரசு என்ன கடன் பட்டிருக்கிறது என்ற கணக்கை மட்டும் யாரும் எழுதவில்லை. இந்த உரை அந்தக் கணக்கைப் பற்றியது. நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: உதவி வேறு, ஈடு வேறு. இன்று இவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் உதவி. இவர்களுக்குச் சேரவேண்டியது ஈடு.

சட்டம் யாரைப் பிடித்தது

1873இல் நார்வேயைச் சேர்ந்த ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின் உலகெங்கும் பயம் பெருகியது. இந்தியாவில் 1890–91இல் ஒரு விசாரணைக் குழு ஊர் ஊராகச் சுற்றி ஆராய்ந்தது. இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை, தொற்றும் வாய்ப்பும் குறைவு, எல்லா நோயாளிகளையும் கட்டாயமாகப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்று அந்தக் குழு சொன்னது. கூடவே, தெருவில் பிச்சையெடுக்கும் நோயாளிகளை நகரத்திலிருந்து அகற்றலாம் என்றும் சொன்னது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்துக்கு இந்த இரண்டாவது பேச்சே அடித்தளம் ஆனது.

அந்தச் சட்டம் 'ஏழைத் தொழுநோயாளி' என்று ஒரு வகையை உண்டாக்கியது. பொது இடத்தில் பிச்சை கேட்பவர், பிழைப்புக்கு வழி இருப்பதாகத் தெரியாமல் திரிபவர் ஆகியோர் அந்த வகைக்குள் வந்தார்கள். சட்டம் அமலான பகுதிகளில் இவர்களைக் காவலர் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். மருத்துவ ஆய்வாளர் பார்த்து நோய் என்று எழுதிக்கொடுத்தால், மாஜிஸ்திரேட் இல்லத்துக்கு அனுப்பலாம். வெளியே விடும்வரை அவர் உள்ளேதான்.

இதை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே கிருமிதான், ஒரே நோய்தான். நிலமும் வீடும் இருந்தவர் தன் வீட்டுத் திண்ணைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்துகொள்ளலாம். நிலமில்லாதவர், கூலிக்குக் கை நீட்ட முடியாமல் போனவர், ஊர் துரத்தியவர் பிடிபடுவார். இந்த மாவட்டத்தில் நிலமில்லாதவர்கள் யார் என்று இந்த அவைக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தில் சாதியின் பெயர் இல்லை. ஆனால் அதன் வலை எந்தத் தெருவில் விழும்படி பின்னப்பட்டது என்பது தெளிவு.

அதே சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு இன்னொன்றும் சொன்னது. அரசு அறிவிக்கும் பகுதிகளில் தொழுநோயாளி உணவுப் பண்டம் செய்து விற்கக்கூடாது. வாடகை வண்டியில் ஏறக்கூடாது. பொதுக் கிணற்றிலும் குளத்திலும் குளிக்கவோ துவைக்கவோ தண்ணீர் எடுக்கவோ கூடாது. பொதுக்குளத்துத் தண்ணீருக்காக 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு இறங்கினார். மகாடில் தடுத்தது ஊர் வழக்கம். இங்கே அதே தடையை அரசு தன் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தது. சேரியில் பிறந்து இந்த நோயும் வந்தவருக்குக் கிணறு இரண்டு முறை மூடப்பட்டது.

இல்லங்களின் உள் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். மிஷன் இல்லங்கள் பலவற்றில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே வைக்கப்பட்டார்கள். நோயில்லாத பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு இல்லங்களில் வளர்க்கப்பட்டார்கள். அங்கே பரிவு இருந்தது, சோறும் மருந்தும் இருந்தன. ஊரில் கல்லடி பட்டவருக்கு அது புகலிடமாகவும் இருந்தது. இதை மறுப்பது உண்மைக்கு மாறானது. ஆனால் திரும்பிப் போக ஊர் இல்லாதபடி செய்துவிட்டு, உள்ளே கிடைத்த சோற்றைக் காட்டி 'நன்றாகத்தானே இருந்தார்கள்' என்று சொல்வதும் உண்மைக்கு மாறானதுதான்.

மருந்து வந்த பிறகும்

1940களில் டாப்சோன் வகை மருந்துகள் வந்தன. 1980களில் எம்.டி.டி. என்னும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகியவற்றை நோயின் வகைக்கு ஏற்ப ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் கிருமி அழிந்துவிடும். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இது இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து நீங்கிவிடுகிறது. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது பொய்.

அப்படியானால் குணமான பிறகு என்ன மருத்துவ உதவி வேண்டும் என்று கேட்கலாம். பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் உலகுக்குச் சொன்ன பதில் இதுதான்: கை, கால் விரல்கள் கிருமியால் அழுகி விழுவதில்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார். காலில் முள் ஏறியது தெரியாமல் நாளெல்லாம் நடப்பார். புண் ஆழமாகி எலும்பைத் தொடும். இமை மூட முடியாமல் கண் காய்ந்து பார்வை போகும்.

கிருமி போனாலும் கெட்ட நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே 'குணமடைந்தவர்' என்று சான்று பெற்றவருக்கும் ஆயுள் முழுவதும் கவனிப்பு வேண்டும். உள்ளே மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு தேய்ந்து போகும் போதெல்லாம் மாற்றப்பட வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். கண்ணைச் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் சீரமைப்பு அறுவை வேண்டும். முதுமையில் இவையெல்லாம் கூடுமே தவிரக் குறையாது.

2005 டிசம்பரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் ஒழிக்கப்பட்டதாக இந்தியா அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அந்தச் சொல்லின் பொருள். நோய் நின்றுவிட்டது என்று பொருள் அல்ல. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியர்கள். ஆனால் 'ஒழிந்தது' என்ற சொல், பழைய நோயாளிகளையும் சேர்த்தே கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

சத்தமில்லாமல் போன சட்டங்கள்

1898ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது 2016இல். மருந்து வந்து எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன, அரசியலமைப்பு வந்து அறுபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் 2008இல், தொழுநோயாளி நகராட்சித் தேர்தலில் போட்டியிட முடியாது என்ற ஒரிசா சட்டப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்றால் மணவிலக்குக் கேட்கலாம் என்ற பிரிவுகள் இந்து, கிறித்தவ, முஸ்லிம் மணச் சட்டங்களிலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 2019 வரை இருந்தன.

2015இல் சட்ட ஆணையம் தன் 256ஆவது அறிக்கையில், இந்தப் பாகுபாட்டை ஒழிக்க ஒரு தனிச் சட்டமே வேண்டும் என்று வரைவும் எழுதிக்கொடுத்தது. 2018இல் பங்கஜ் சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் பல கட்டளைகளை இட்டது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும், எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகத் தரவேண்டும், அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் பாகுபாட்டுக்கு ஆளாகக்கூடாது என்பவை அவற்றில் சில.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சட்டங்கள் பழைய காகிதங்களைக் கழிப்பது போலக் கழிக்கப்பட்டன. அந்தச் சட்டங்களால் ஊரை, துணையை, பிள்ளையை இழந்தவர்களிடம் 'இது தவறு' என்று எந்த அவையும் சொல்லவில்லை. இழந்ததற்கு என்ன ஈடு என்ற கேள்வி எழவே இல்லை.

இன்று கிடைப்பவை

உரிமையைக் கேட்பதற்கு முன்னால், இருப்பதை முழுமையாகப் பெறுவது அவசியம். ஆகவே தமிழ்நாட்டில் இன்று கிடைப்பவற்றை வரிசையாகச் சொல்கிறோம். உங்கள் ஊரில் ஒருவருக்காவது இது பயன்படும்.

முதலாவது, சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறார். கை கால் உணர்விழப்பு, வெளியே தெரியும் ஊனம், வேலை செய்ய முடியாத அளவுக்கு ஊனமும் முதுமையும் ஆகிய மூன்று நிலைகளும் அதில் அடங்கும். ஊனம் வெளியே தெரியாவிட்டாலும் உணர்விழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது சட்டம். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து யு.டி.ஐ.டி. அட்டை பெறலாம். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பல திட்டங்களுக்குத் தகுதி உண்டு.

இரண்டாவது, மாதப் பராமரிப்பு உதவித்தொகை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகத் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரப்படும் இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் வரும் செருப்பு, புண் பராமரிப்புப் பொருட்கள், சீரமைப்பு அறுவை. அறுவைக்குப் போகும் ஏழைகளுக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட ஒரு தொகையும் உண்டு.

நான்காவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். ஐந்தாவது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். படுக்கையில் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் இயன்முறைச் சிகிச்சையும் வலி நீக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வரவேண்டும்.

இவற்றைப் பெறுவதில் உள்ள தடைகளையும் சொல்லிவிடுகிறோம். விரல் தேய்ந்தவருக்கு ரேகை விழாது. ரேகை விழாததால் ஆதார் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, ரேஷன் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். ரேகை எடுக்க முடியாதவர்களையும் விதிவிலக்காகப் பதிவு செய்ய ஆதார் விதிகளிலேயே இடமுண்டு. 'விதிவிலக்குப் பதிவு' என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது தடை, சாதிச் சான்றிதழ். இல்லத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூர்வீக ஊர் முகவரி இருக்காது. ஊரில் போய்க் கேட்டால் உறவினர்கள் தங்களுக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டியல் சாதியில் பிறந்ததன் இழிவு முழுவதையும் சுமந்த ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை, அதே சாதிக்கான கல்வி உதவித்தொகையைப் பெற முடியாமல் நிற்கிறது. இங்கே நம்மால் உதவ முடியும். ஊர் முதியவர்களை அழைத்துப்போய் வாக்குமூலம் கொடுக்க வைப்பது அமைப்புகள் செய்யக்கூடிய வேலை.

சதவீதம் அளக்காதது

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அரசு இரண்டே கேள்விகள் கேட்கிறது: உன் உடலில் எத்தனை சதவீதம் ஊனம்? உன் வருமானம் எவ்வளவு?

இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு நோய் தாமதமாகக் கண்டறியப்பட்டது. விரல்கள் மடங்கிவிட்டன. ஆனால் குடும்பம் கைவிடவில்லை, வீட்டிலேயே இருந்தார். இன்னொருவரைப் பத்து வயதில் இல்லத்தில் விட்டார்கள். நல்ல மருந்து கிடைத்தது. உடலில் ஊனம் ஏதும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் உள்ளேயே கழிந்தன. தாய் இறந்த செய்தி காரியம் முடிந்த பிறகு வந்தது. பங்கு நிலம் அண்ணன் தம்பிகள் பெயருக்குப் போய்விட்டது. முதலாமவருக்கு மாதம் 2,000 ரூபாய் உண்டு. அது அவருக்கு நியாயமானதே. இரண்டாமவருக்கு? சதவீதக் கணக்கில் அவர் பூஜ்யம்.

சதவீதம் விரலை அளக்கிறது. பறிபோன ஆண்டுகளை அளக்க அதில் கோடு இல்லை. உதவித் திட்டம் எவ்வளவு பெருந்தன்மையானதாக இருந்தாலும் அதன் எல்லை இதுதான். உதவி, 'உனக்கு இப்போது என்ன குறை' என்று கேட்கும். ஈடு, 'உனக்கு நாங்கள் என்ன செய்தோம்' என்று கேட்கும். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. கூலிக்காரருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பண்டிகைக்குப் பண்ணையார் கொடுக்கும் வேட்டி வேறு; நிறுத்திவைத்த கூலிப் பாக்கி வேறு. வேட்டியைக் கொடுத்துவிட்டுப் பாக்கி தீர்ந்தது என்று யாரும் எழுத முடியாது.

ஜப்பானும் அயர்லாந்தும்

இப்படி ஈடு கொடுத்த நாடுகள் உண்டு. ஜப்பானில் 1907 முதல் 1996 வரை தொழுநோயாளிகளைப் பிரித்துவைக்கும் சட்டங்கள் இருந்தன. உள்ளே இருந்தவர்கள் மணம் செய்ய வேண்டுமானால் கருத்தடை செய்துகொள்ள வேண்டும் என்ற கொடுமையும் இருந்தது. 1998இல் பதின்மூன்று பேர் குமமோட்டோ நீதிமன்றத்தில் அரசு மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2001 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. 1960க்குப் பிறகாவது தனிமைப்படுத்தத் தேவையே இருக்கவில்லை, தெரிந்தும் சட்டத்தை விட்டுவைத்தது அரசின் குற்றம் என்றது நீதிமன்றம். பிரதமர் கொய்சுமி மேல்முறையீடு செய்யவில்லை. நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட்டது. ஒரு மாதத்துக்குள் சட்டம் வந்தது. இல்லத்தில் எத்தனை காலம் இருந்தார் என்பதைப் பொறுத்து 80 லட்சம் முதல் 1 கோடியே 40 லட்சம் யென் வரை ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது.

இதில் மூன்று பாடங்கள் உண்டு. முதலாவது, அளவுகோல் ஊனம் அல்ல, உள்ளே கழிந்த காலம். இரண்டாவது, பணம் கொடுத்து வெளியே அனுப்பிவிடவில்லை. அங்கேயே இருக்க விரும்பும் முதியவர்கள் கடைசிவரை மருத்துவக் கவனிப்போடு இருக்கலாம் என்பதை 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம் உறுதி செய்தது. மூன்றாவது, குடும்பம். பாகுபாட்டால் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பட்ட துன்பத்துக்கும் அரசு பொறுப்பு என்று 2019இல் அதே குமமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அவர்களுக்கும் 18 லட்சம் யென் வரை கிடைக்க வழி பிறந்தது. ஜப்பான் ஆண்ட காலத்தில் கொரியாவிலும் தைவானிலும் இல்லங்களில் அடைக்கப்பட்டவர்களும் 2006இல் சேர்க்கப்பட்டார்கள்.

அயர்லாந்தின் கதை தொழுநோய் பற்றியதல்ல. திருச்சபை அமைப்புகள் நடத்தி அரசு மேற்பார்வையிட்ட குழந்தைகள் இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றியது. 2002இல் ஈட்டு வாரியம் அமைத்தார்கள். பணம் கிடைத்தது. ஆனால் பெற்றவர் அந்தத் தீர்வைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று சட்டம் வாயைக் கட்டியது. 2009இல் விசாரணை ஆணையத்தின் ரையன் அறிக்கை வந்தபோதுதான் கொடுமையின் முழு அளவு உலகுக்குத் தெரிந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஆயுள் முழுவதும் மருத்துவச் சேவைகள் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து, 2025இல்தான் அதற்கென்று சட்டம் வந்தது. ஒரே முறை தரும் பணம் முதுமையின் மருத்துவச் செலவைத் தாங்காது என்பதும், மௌனத்தை விலையாகக் கேட்கும் ஈடு அரை ஈடு என்பதும் அயர்லாந்து தரும் பாடம்.

நம் மண்ணிலேயே உள்ள முன்மாதிரி

பணக்கார நாடுகள் செய்தன, நம்மால் முடியுமா என்று சொல்வார்கள். ஈடு என்ற எண்ணத்தை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததில் நம் போராட்டங்களுக்குப் பங்கு உண்டு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளைப் பாருங்கள். 2016 திருத்தத்தின்படி குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை தரவேண்டும். பாதிக்கப்பட்டவரின் வருமானச் சான்று அங்கே கேட்கப்படுவதில்லை. நடந்தது என்ன என்பதே கேள்வி. மலக்குழி மரணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் இறந்த அனைவரின் குடும்பங்களுக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்ந்தது. ஏழைக் குடும்பம், பாவம் என்பதற்காக அந்தத் தொகை வரவில்லை. தடுத்திருக்க வேண்டிய அரசு தடுக்கவில்லை என்பதற்காக வந்தது. பின்னோக்கிப் போய் இருபது ஆண்டுக் கணக்கையும் நீதிமன்றம் திறந்தது. மலக்குழிக்கு அந்தக் கணக்கைத் திறக்க முடிந்த நாட்டில் தொழுநோய் இல்லத்துக்கும் திறக்கலாம்.

எழும் இரண்டு மறுப்புகள்

'அரசு அடைக்கவில்லை, ஊர்தானே துரத்தியது' என்பது முதல் மறுப்பு. ஊர் துரத்தியது உண்மை. ஆனால் துரத்தப்பட்டவரைப் பிடிக்கக் காவலருக்கு அதிகாரம் கொடுத்ததும், கிணற்றை மூடியதும், மணத்தை முறிக்க வழி செய்ததும், தேர்தலில் நிற்க விடாததும் சட்டங்கள். எந்த இல்லம் சட்டப்படியான இல்லம் என்று அறிவித்ததும் அரசு. தீண்டாமையையும் ஊர்தான் கடைப்பிடித்தது. அதற்காக அரசுக்குப் பொறுப்பில்லை என்று நாம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

'இல்லங்கள் நன்மை செய்தன, அவற்றைக் குற்றம் சொல்லலாமா' என்பது இரண்டாவது. செருப்பு தைத்துக் கொடுத்தவரையும் புண் கழுவியவரையும் நாம் குற்றம் சொல்லவில்லை. ஈடு கேட்பது அரசிடம். 1971இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பரனூர் மறுவாழ்வு இல்லம் போன்றவற்றில் இன்று முதுமையில் இருப்பவர்களுக்கு அதுவே வீடு, அங்கிருப்பவர்களே உறவு. அந்த வீட்டை மூடுவது இன்னொரு துரத்தல் ஆகும். இந்தியாவில் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் எழுநூறுக்கும் மேல் உண்டு. அவர்கள் கேட்பது குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம். தமிழ்நாடு சட்டமன்றம் இந்தச் சட்டங்களால் நேர்ந்தது தவறு என்று தீர்மானம் போட வேண்டும். இல்லங்களின் பதிவேடுகளைக் காப்பாற்றி, யார் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற பட்டியல் எடுக்க வேண்டும். ஊனச் சதவீதத்தைப் பார்க்காமல் உள்ளே கழிந்த ஆண்டுகளைப் பார்த்து ஈட்டுத்தொகை தரவேண்டும். வருமான வரம்பில்லாத ஆயுள்கால மருத்துவ அட்டை ஒன்று தரவேண்டும். செருப்பு, கண், புண், அறுவை, மனநலம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். இருக்க விரும்புபவருக்கு இல்லத்திலேயே இருக்கும் உரிமையும், குடியிருப்புகளுக்குப் பட்டாவும் வேண்டும். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் பெறத் தனி நடைமுறை வேண்டும். ஈடு பெற்றவர் தன் கதையைச் சொல்லத் தடை எதுவும் இருக்கக்கூடாது.

கடைசிக் கோரிக்கை இலக்கிய அமைப்பான நமக்கு நேராகச் சேர்கிறது. ஜப்பானில் இல்லங்களுக்குள் இருந்தவர்கள் கவிதையும் கதையும் எழுதினார்கள். ஹோஜோ தாமியோ என்ற இளைஞர் இல்லத்திலிருந்து எழுதிய கதை 1936இலேயே அச்சாகிப் பரவலாகப் படிக்கப்பட்டது. தாங்கள் மனிதர்கள் என்பதை நாடு கேட்கும்படி அவர்கள் எழுதி வைத்தார்கள். தலித் தன்வரலாறுகள் தமிழில் என்ன செய்தன என்பதை அறிந்த நமக்கு இதன் வலிமை தெரியும்.

இல்லங்களில் வாழ்நாளைக் கழித்தவர்களில் பலர் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள். அவர்கள் போய்விட்டால் சாட்சியும் போய்விடும். சவ்வாது மலையடிவாரத்திலிருந்து பாலாற்றங்கரை வரை அவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய நமக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. பெயரை வெளியிடுவதும் மறைப்பதும் அவர்கள் விருப்பம். போகும்போது ஆதார் விதிவிலக்குப் பதிவுக்கும் பராமரிப்புத் தொகைக்கும் உரிய விண்ணப்பப் படிவங்களையும் எடுத்துச் செல்வோம். இந்த மாதம் வரவேண்டிய செருப்பு வந்ததா என்றும் கேட்போம். உதவியை வாங்கிக் கொடுத்துக்கொண்டே ஈட்டைக் கேட்போம்.